குத்துக்கல்வலசை நிலத்துக்கு ஓர் அரிவாள்

இந்த ஆனி மாதம், சாரல் தொடங்கிய வாரத்தில், ஒரு மத்தியானம் வாசலில் பார்சல்காரர் வந்து நின்றார். பார்சல் நம் மகன் பெயருக்கு வந்திருந்தது. இசக்கி குற்றாலத்தில் வேலையில் இருந்தான். மருமகள் ரேவதி மாதப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி போயிருந்தாள். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். நீளமான அட்டைப்பெட்டி. ஒரு முனை கனத்தது, மறுமுனை லேசாக இருந்தது. மடிப்பின் இடுக்கு வழியே புது இரும்பில் தடவிய எண்ணெயின் வாடை வந்தது.

உள்ளே இருப்பது என்னவென்று திறக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. போலீஸ் வேலை பார்த்துப் பழகிய கை அல்லவா? சாப்பாட்டு மேசையில் அதை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். ரேவதி திரும்பி வந்து, "என்ன மாமா, சாப்பிடலியா? போட்டு வச்ச சோறு அப்படியே இருக்கு" என்று கேட்ட பிறகுதான், வெகுநேரமாக அப்படியே உட்கார்ந்திருப்பது உறைத்தது.

நீ இருந்திருந்தால், "ஒரு இரும்புத் துண்டுக்கா உங்களுக்கு இப்படி வேர்க்கு?" என்று சிரித்திருப்பாய்.

நம் கல்யாணச் சாமான்களோடு உன் வீட்டிலிருந்து ஒரு வெட்டரிவாளும் வந்தது நினைவிருக்கிறதா? அச்சன்புதூரில் உங்கள் வீட்டில் அது விளக்குமாறு மாதிரி. கதவுக்குப் பின்னால் கிடக்கும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நான் பார்த்த அரிவாள்களெல்லாம் துணியில் சுற்றி, சீட்டுக் கட்டி, அரக்கு வைத்து வந்தவை. கோர்ட் கூண்டில் நான் ஏறி நின்று, "இதுதான் ஐயா அது" என்று அடையாளம் காட்டியவை. உன் அண்ணன் கையிலேயே அதைத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன்.  அதன்பின் நீ தேங்காய் உரிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் காதில் விழுகிற மாதிரி, "ஏட்டையா வீட்டுல அருவா கெடையாதுக்கா. துப்பாக்கி வச்சு தேங்கா உரிக்க முடியுமா?" என்பாய்.

அப்படிப்பட்ட நீ ஒரு சாரல் நாளில் பேரருவிக்கே என்னைத் தேடி வந்தாய். இசக்கி அப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். நான் சீசன் பந்தோபஸ்தில், ஆண்கள் குளிக்கும் பக்கம் விசிலும் கையுமாக நின்றிருந்தேன். எண்ணெய் தேய்க்கிறவர்களும் ஈரத் துண்டோடு ஓடுகிறவர்களுமாக ஒரே நெரிசல். அதற்கு நடுவே குடைகூட இல்லாமல் நீ நின்றாய். நான் வேலை பார்க்கிற இடத்துக்கு அதற்கு முன் நீ வந்ததே இல்லை.

"என்ன, நீ இங்கன?"

"எப்ப வீட்டுக்கு வருவிய?"

"டூட்டி மாத்த ஆளு வரணும். ஏன், யாருக்கும் என்னமும் ஆயிட்டா?"

"ஒண்ணும் ஆவல. ஆவதுக்கு முந்தி வந்திருக்கேன்." சுற்றும் பார்த்துவிட்டு என் மழைக்கோட்டின் கையைப் பிடித்தாய். "வீட்டுல ஒரு அருவா இருக்கு. நீளமானது. பிள்ளையோடது."

அந்த நேரம் பார்த்து அருவியில் தண்ணீர் கூடியது. கூட்டத்தை வெளியேற்றச் சொல்லி மைக்கில் கத்தினார்கள். நான் உன் முகத்தையும் அருவியையும் மாறி மாறிப் பார்த்தேன். "நீங்க உங்க வேலையப் பாருங்க. நான் நிக்கேன்" என்றாய். பிள்ளைகளைத் தூக்கித் தூக்கிக் கரையில் விட்டேன். எதிரே வந்த இளவட்டப் பையன்கள் எல்லாருக்கும் இசக்கியின் முகமே இருந்தது.

வீட்டுக்குப் பின்பக்கம் தண்ணீர் மோட்டாரை மூடியிருந்த தகரத்துக்கு அடியில், லுங்கியில் சுற்றி இருந்தது அது. காலையில் மோட்டார் போடப் போனபோது கையில் தட்டுப்பட்டதாகச் சொன்னாய். பிரித்துப் பார்த்தேன். வேலி வெட்டுகிறவனுக்கு அவ்வளவு நீளமும் அவ்வளவு பளபளப்பும் வேண்டியதில்லை. இசக்கி கிணற்றடியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"யார் குடுத்தா?"

"ஃபிரெண்டு வச்சிருக்கச் சொன்னான்."

"எதுக்கு?"

"கொடை வருதுல்லாப்பா."

முந்தின வருடக் கோயில் கொடைத் திருவிழாவில் இரண்டு தெருப் பையன்களுக்குள் சண்டை. இந்த வருடம் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டுமாம். போலீஸ்காரர் வீட்டில் யாரும் தேடமாட்டார்கள் என்று நம் வீட்டைப் பிடித்திருக்கிறார்கள். நான் கத்தினேன். யார், எப்போது, எத்தனை பேர் என்று ஸ்டேஷனில் கேட்பதுபோல் கேட்டேன். நீ அவனுக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தாய்.

அரிவாளைக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்து, மகன் பெயர் உட்பட எல்லாம் சொன்னேன். அவர் இரண்டு தெருப் பெரியவர்களையும் பையன்களின் அப்பாமாரையும் வரவழைத்தார். அந்த நண்பனின் அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மகனை ராஜபாளையத்தில் தங்கை வீட்டுக்கு அனுப்பி மில் வேலையில் சேர்த்தார். கொடையன்று வெடிச்சத்தமும் மேளச்சத்தமும் தவிர வேறு சத்தம் எதுவும் ஊரில் கேட்கவில்லை.

இத்தோடு முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது, "தென்காசிக்குப் போயி ஒரு அருவா வாங்கிட்டு வாறேன். இசக்கியையும் கூட்டிட்டுப் போறேன்" என்றாய்.

அன்றைக்கு நமக்குள் நடந்த சண்டை மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நடந்ததில்லை. "புத்தி கெட்டுப் போச்சாட்டி உனக்கு?" என்றேன். உன் அப்பா உனக்கு எழுதிவைத்த குத்துக்கல்வலசை நிலத்தில் உடைமுள் மண்டிக் கிடக்கிறது, வெட்ட வேண்டும் என்றாய். ஆள் வைத்து வெட்டலாம் என்றேன். "வீட்டுல ஒளிச்சு வச்சாத்தான பயப்படணும்? வெளிய ஆணியில மாட்டி வைக்கேன். வாறவன் போறவன் எல்லாம் பாக்கட்டும்" என்றாய்.

உங்களைத் தனியாக அனுப்ப மனம் வராமல் சாதாரணச் சட்டையில் பின்னாலேயே வந்து, கடைக்கு எதிரே டீ வாங்கிக்கொண்டு நின்றேன். நீ அரிவாள் வாங்கியதை அன்றுதான் பார்த்தேன். கடைக்காரர் காட்டிய பளபளப்பானதையெல்லாம் ஒதுக்கினாய். ஒன்றை எடுத்து முதுகுப் பக்கத்தை விரலால் தடவினாய். முதுகு தடித்து, வெட்டுவாய்க்கு வர வர மெலிய வேண்டும் என்று இசக்கியிடம் சொன்னாய். நுனியில் வளைவு இருக்கிறதா என்று பார்த்தாய். முள்ளுக்கொப்பை இழுத்துப் போட அதுதான் விரல். பிடியின் அடியைத் திருப்பி, இரும்பின் வால் மரத்துக்குள் முழுக்க ஓடி மறுபக்கம் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தாய். கடைசியில் கையை நேரே நீட்டி அரிவாளைப் பிடித்தபடியே கடைக்காரரிடம் அவர் வீட்டு விசேஷத்தையெல்லாம் விசாரித்தாய். பேச்சு முடியும் முன்னே மணிக்கட்டு தாழ்ந்தால், அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாய். கடைக்காரருக்கு நீ எதற்கு அவ்வளவு அக்கறையாக அவர் மாமியாரைப் பற்றிக் கேட்டாய் என்று இன்றுவரை தெரிந்திருக்காது.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் அவனும் நிலத்துக்குப் போவீர்கள். சாயங்காலம் முழங்காலெல்லாம் சிராய்ப்போடு, ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வருவீர்கள். நான் ஒருநாளும் கூட வரவில்லை. பின்கதவு ஆணியில் அது தொங்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்து பழகினேன்.

அதோடு நிற்கவில்லை நான். அவன் குளிக்கப் போனால் பைக் சீட்டைத் தூக்கிப் பார்ப்பேன். பரணில் கைவிட்டுத் துழாவுவேன். கொடை மாதம் வந்தால் அவன் வீடு திரும்பும்வரை வாசலிலேயே நிற்பேன். அவன் வேலைக்குப் போய், ரேவதியைக் கட்டி, குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் ஜெனரேட்டரும் லிஃப்டும் பார்க்கிற சூப்பர்வைசர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நீ ஒருதரம் பரணடியில் என்னைப் பிடித்துவிட்டாய்.

"என்ன தேடுதிய?"

"ஒண்ணுமில்ல."

"அங்கன ஒண்ணும் இருக்காது. எறங்குங்க" என்றாய். அவ்வளவு உறுதியாக நீ எப்படிச் சொல்லலாம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

நீ போனபின், உன் காரியமெல்லாம் முடிந்த வாரத்தில், தேங்காய் வெட்ட வந்தவரிடம் ஆணியில் இருந்ததைக் கொடுத்துவிட்டேன். ஆணி வெறுமையாக இருப்பதை இசக்கி பார்த்தான். அதன்பின் நிலத்துப் பக்கமும் யாரும் போகவில்லை. இப்போது ரேவதி மாசமாக இருக்கிறாள். அந்த நிலத்தில் சின்னதாக வீடு கட்டலாம் என்று இரண்டு பேருக்கும் ஆசை. போய்ப் பார்த்தால் உள்ளே கால் வைக்க இடமில்லை. அதற்குத்தான் இந்தப் பார்சல்.

அன்று சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்ததும், "வந்துட்டாப்பா?" என்று குதூகலமாகப் பெட்டியைக் கிழித்தான். கறுப்புப் பெயிண்ட் அடித்த கத்தி, முதுகில் ரம்பப் பல், ரப்பர் பிடி, இடுப்பில் மாட்ட ஒரு உறை. பெட்டியின் மேல் தொப்பி போட்ட ஒருவர் காட்டுக்குள் நிற்கிற படம். "ஆன்லைன்ல எல்லாரும் நல்லா இருக்குன்னு போட்டிருந்தாவ" என்றான். அவன் கையில் அதைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எழுந்துவிட்டேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தூறலில் நிலத்துக்குப் போனோம். நான் பார்க்கத்தான் போனேன். முதல் வீச்சிலேயே உடைமரக் கொப்பு வளைந்து கொடுத்ததே தவிர வெட்டு விழவில்லை. தகடு மெலிசு, கனமே இல்லை. உண்ணிச்செடியில் முதுகுப் பல் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நுனியில் வளைவு இல்லாததால் வெட்டிய முள்ளையெல்லாம் கையை விட்டே இழுத்தான். மழையில் ரப்பர் பிடி வழுக்கி, ஒருமுறை அவன் முழங்காலை ஒட்டிக் கத்தி போனது. "ஏலே, பாத்து!" என்று அலறிவிட்டேன். கடைசியில் ஒரு பழைய மரத்தூரில் ஓங்கிப் போட்டான். வாய் மடிந்து, வெற்றிலை ஓரம் மாதிரி சுருண்டுவிட்டது.

அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். "அம்மா இருந்தா இத என் மூஞ்சியிலேயே எறிஞ்சிருப்பா. நாளைக்கு எனக்கு லீவுதான். கடைக்குப் போவோம்பா. நீங்களும் வாங்க."

அதே கடைக்குத்தான் கூட்டிப்போனான். கடைக்காரர் பாய்க்குத் தாடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க ஏட்டையா, எங்க இந்தப் பக்கம்?" என்றார். இசக்கி அரிவாள் வேண்டும் என்றான்.

"எதுக்கு தம்பி?"

சாதாரணக் கேள்விதான். எல்லாரிடமும் கேட்பதுதான். எனக்கு மட்டும் காதுக்குள் அருவி இரைந்தது.

"பொதரு வெட்ட. உடைமுள்ளும் உண்ணிச்செடியும் மண்டிக் கெடக்கு. கொஞ்சம் வேலியும் வெட்டணும்."

பாய் நீளமான ஒன்றை எடுத்து நீட்டினார். "இது எடுத்துக்கோங்க, வீச்சு நல்லா இருக்கும்."

இசக்கி அதைத் தொடக்கூட இல்லை. "நீளம் வேண்டாம் பாய். பொதருக்குள்ள வீச எடம் கிடைக்காது. சறுக்குனா நம்ம காலுக்குத்தான் வரும்." முழங்கை நீளத்தில் இருந்தவற்றில் பழைய லாரியின் வில்பட்டை இரும்பில் அடித்தது எது என்று கேட்டு, அவற்றை மட்டும் தனியே எடுத்து வைத்தான். முதுகைத் தடவினான். நுனி வளைவைப் பார்த்தான். பிடியைத் திருப்பினான். கையை நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு, "அப்புறம் பாய், மக துபாய்லதான் இருக்காவளா? மருமகன் எப்படி இருக்காரு?" என்று ஆரம்பித்தான்.

நான் திரும்பி நின்று வாளியில் வைத்திருந்த மண்வெட்டிக் கைப்பிடிகளைப் பார்த்தேன். முகத்தை எங்காவது வைக்க வேண்டியிருந்தது.

நல்லதாக ஒன்று அமைந்ததும் என் கையில் கொடுத்தான். "நீங்க பிடிச்சுப் பாருங்க. நீங்களுந்தான வெட்டணும்." சீட்டுக் கட்டாத அரிவாளை வெட்டுவதற்கென்று நான் பிடித்தது அதுதான் முதல் தடவை. கனம் உள்ளங்கையில் வந்து ஒழுங்காக உட்கார்ந்தது.

சாக்கில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வழியில் வண்டிச் சோதனை. என்னைத் தெரியாத புதுப் பையன், சின்ன மீசை. "சாக்குல என்ன அண்ணாச்சி?" என்றான். "அருவா" என்றேன். "எதுக்கு?" என்று கேட்டான். "பொதரு வெட்ட" என்று சொல்வதற்குள் எனக்குக் குரல் கம்மிவிட்டது. அவன் பிரித்துப் பார்த்து, முதுகைத் தட்டிப் பார்த்து, "நல்ல சாமான். எங்கன வாங்குனிய?" என்று கடையைக் கேட்டுக்கொண்டு அனுப்பிவிட்டான்.

கொஞ்ச தூரம் போனதும் இசக்கி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினான். சிரிப்பை அடக்கமுடியாமல் தோள் குலுங்கியது அவனுக்கு. பிறகு சிரிப்பு நின்றது.

"அந்த ஆளு கேக்கும்போது உங்க குரல் நடுங்கிட்டுப்பா."

"சளி."

"சளி இல்ல. பைக் சீட்டத் தூக்கித் தூக்கிப் பாப்பியல்லா, அதும் எனக்குத் தெரியும்."

நான் டீயைப் பார்த்தேன்.

"அம்மா அத கண்டுபிடிக்கலப்பா" என்றான்.

"எத?"

"அந்த அருவாளை. நாந்தான் அங்கன வச்சேன். தெனமும் காலைல அம்மா மோட்டார் போடுவா, கை அந்தத் தகரத்துக்கிட்டதான் போவும். அவனுவகிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. உங்ககிட்ட சொல்லப் பயம். அம்மா கையில பட்டா போதும்னு வச்சேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். லுங்கியப் பிரிச்சா, என்னைப் பாத்தா. 'நீயாத்தான் வச்சியா'ன்னு கேட்டா. அழுதுட்டேன். அப்பாகிட்ட சொல்லாத, என்னைக் கோழைன்னு நெனப்பாவன்னேன். 'சரிலே, நீ வாய்தொறந்து சொல்லுத வரைக்கும் நான் சொல்லமாட்டேன்'னா."

ஆயுசு முழுக்க விசாரணை செய்தவன் நான். யார், எப்போது, எத்தனை பேர் எல்லாம் கேட்டேன். ஒளித்துவைக்க நினைப்பவன் அம்மாவின் கை தினமும் போகிற இடத்தில் கொண்டுபோய் ஏன் வைத்தான் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் நாம் பேசாத பேச்சா? இதை மட்டும் எப்படி உள்ளேயே வைத்திருந்தாய்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனை கொடைகளில் நான் வாசலில் நிற்காமல் பந்திக்குப் போயிருப்பேன்! பிறகு, நீ அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாய் என்பது புரிந்தது. என் பயத்துக்காக அதை உடைத்திருந்தால், அடுத்த தடவை அவன் எங்கே கொண்டுபோய் வைப்பான்? அதை நினைத்ததும் கோபம் போய்விட்டது. அதன் பின்னாலேயே நெஞ்சில் இத்தனை வருடம் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்றும் கழன்று போனது. கண்ணீர் வந்தது. இசக்கி பதறி, "என்னப்பா?" என்றான். "டீல இஞ்சி கூடிட்டு" என்றேன். அவன் நம்பவில்லை. இன்னொரு டீ சொன்னான்.

"உன்னைக் கோழைன்னு நெனைக்கலலே" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவன் தலையாட்டினான்.

அடுத்த ஞாயிறு ரேவதியோடு மூன்று பேரும் நிலத்துக்குப் போனோம். நானும் கொஞ்சம் வெட்டினேன். புது அரிவாள் ஒரே போடில் கொப்பை இறக்கியது. வளைவில் மாட்டி இழுத்தால் முள் சொன்னபடி வந்தது. "அப்பா, காலை அகட்டி வைங்க. குறுக்க வெட்டாதிய, சாய்ச்சு வெட்டுங்க" என்று அவன் எனக்கு உத்தரவு போட்டான். சீக்கிரமே மூச்சு வாங்கியது. அவன் கையில் கொடுத்துவிட்டுப் பூவரச மரத்தடியில் சாக்கை விரித்துப் படுத்தேன். முள் விலகிய பக்கமாக மலை முழுதாகத் தெரிந்தது. நீங்கள் இரண்டு பேரும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் போலிருக்கிறது. எனக்குச் சொல்லவே இல்லை.

நம் பிள்ளை பயந்தபோது, உன் கை போகும் இடமாகத் தேடி அந்தப் பயத்தை வைத்திருக்கிறான். நான் இனிச் சுமக்கப்போவது இந்த ஒன்றைத்தான். மற்றதையெல்லாம் இறக்கிவிட்டேன்.

அவன் வெட்டிக்கொண்டே இருந்தான். சத்தம் சீராக வந்தது. எப்போது கண் அயர்ந்தேன் என்று தெரியவில்லை. ரேவதி தோளைத் தொட்டு எழுப்பினாள். வெயில் வந்திருந்தது. "என்ன மாமா, அவ்வோ வெட்டுத சத்தத்துக்கு மேல கேக்கு உங்க குறட்டை" என்றாள்.